குளோனைத் தாண்டிப் போகும் மரபணு

பாக்டீரியாவில் மரபணு தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்கு மட்டும் இறங்குவதில்லை. உறவே இல்லாத பக்கத்துச் செல்லுக்கும் போய்ச் சேர்கிறது. மடிந்த செல் விட்டுச்சென்ற டி.என்.ஏ.வை இன்னொன்று உள்வாங்கலாம், பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸான பாக்டீரியோபேஜ் சுமந்துவரலாம். இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு, குரோமோசோமுக்கு வெளியே உள்ள டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடைக் கைமாற்றுவது இணைவு. மருத்துவமனையில் பெரும்பங்கு இந்த இணைவுக்குத்தான். கொடுக்கும் செல் பிளாஸ்மிடின் நகலைத்தான் கொடுக்கிறது, தன்னுடையதை இழப்பதில்லை. பரவும் வேகத்துக்கு இதுவே காரணம்.

1950களில் ஜப்பானிய வயிற்றுக்கடுப்பு நோயாளிகளிடம் கிடைத்த ஷிகெல்லா, சல்ஃபோனமைடு, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் ஒருசேர மசியவில்லை. நான்கு சடுதிமாற்றங்கள் தனித்தனியே நேர்ந்து ஒரே செல்லில் கூடியிருக்கும் என்பது நம்பத்தக்கதல்ல. அதே நோயாளிகளின் குடலிலிருந்த ஈ. கோலையிலும் அதே எதிர்ப்புகள் காணப்பட்டன. அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை 1959இல் அகிபாவும் ஒச்சியாயும் தனித்தனியே காட்டினர்.

இன்று கார்பபெனெம் மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் என்.டி.எம்-1 மரபணுவும் இப்படித் தாவுகிறது. அந்த மரபணுவே ஓர் ஒட்டு. அதன் முகப்பு அமினோகிளைகோசைடு எதிர்ப்பு மரபணு ஒன்றிலிருந்து வந்தது; எஞ்சியது, மருந்தைச் சிதைக்கும் மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ் நொதியின் மரபணு. இந்த ஒட்டு அசினெட்டோபாக்டரில் நேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த மரபணுவைச் சுமந்த பாக்டீரியாக்களைப் பற்றி 2010இல் கார்த்திகேயன் குமாரசாமியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வைப் பற்றிய பேச்சு, மரபணுவுக்குப் புது டெல்லியின் பெயரை வைத்ததோடு நின்றுவிட்டது. அது நியாயமான சர்ச்சைதான். ஆனால் ஆய்வின் கூர்மையான முடிவு அதில் அமுங்கிப்போனது. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் ஒரே குளோனை, அதாவது ஒரே மூதாதைச் செல்லின் வழிவந்த கூட்டத்தை, சேர்ந்தவை. அங்கு கிடைத்த பிளாஸ்மிடுகள் இணைவால் நகரவில்லை. சென்னையின் 44 மாதிரிகளோ பல குளோன்களைச் சேர்ந்தவை. அவற்றின் பிளாஸ்மிடுகள் எளிதில் கைமாறின. ஆக, ஒரே மரபணு ஓரிடத்தில் பாக்டீரியாவோடு பரவியது. இன்னோரிடத்தில் பாக்டீரியாவை விட்டு இன்னொன்றுக்குத் தாவிப் பரவியது.

இந்த வேறுபாட்டை, சில குரோமோசோம் மரபணுக்களின் வரிசையை ஒப்பிட்டுக் குளோன்களைப் பிரிக்கும் எம்.எல்.எஸ்.டி. வகைப்பாடு மட்டும் காட்டாது. ஒரே வார்டில் ஒருவருக்குக் கிளெப்சியெல்லா, அடுத்தவருக்கு ஈ. கோலை என்றால் அது இரண்டையும் தொடர்பற்றவை என்று ஒதுக்கிவிடும். குறுந்துண்டு வரிசையறிதலும் இங்கே பாதி உதவிதான்: திரும்பத் திரும்ப வரும் தொடர்களால் பிளாஸ்மிட் துண்டு துண்டாகவே கிடைக்கும். நெடுந்துண்டு வரிசையறிதலுக்கு வசதியில்லாத ஆய்வகமும் சோடியம் அசைடைத் தாங்கும் ஈ. கோலை ஜே53ஐ வைத்து இணைவுச் சோதனை செய்யலாம். அதில் மரபணு மாறாவிட்டால் ஒருபோதும் மாறாது என்று பொருளில்லை. மாறினால், அது நகரக்கூடியது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கார்பபெனெம் எதிர்ப்புத் தொற்றுப்பரவலைப் பற்றி எழுதும் ஆய்வகங்கள், இனத்தோடும் குளோனோடும் நிறுத்தாமல், மரபணு எது, அது பிளாஸ்மிடில் உள்ளதா குரோமோசோமிலா, இணைவில் மாறியதா என்பவற்றையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.