சுகார்த்தோவுக்குப் பக்கத்தில் மர்சினா

2025 நவம்பர் 10 அன்று இந்தோனேசிய அரசு சுகார்த்தோவைத் தேசிய வீரராக அறிவித்தது. அதே பட்டியலில் மர்சினாவும் இருக்கிறார். கூலி உயர்வு கேட்டுப் போராடி, 1993இல் அதே சுகார்த்தோ ஆட்சியில் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட கடிகாரத் தொழிற்சாலைப் பெண். இதை மரியாதை என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

1965-66இல் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கடவுள் இல்லை என்ற கம்யூனிஸ்டுகளிடமிருந்து மதத்தைக் காப்பாற்றினோம் என்றே பள்ளிப் பிள்ளைகள்வரை சொல்லி வைத்தார்கள். சரி, எந்த மதத்தை? கிழக்கு ஜாவாவில் ராணுவத்தோடு சேர்ந்து வெட்டியவர்கள் நஹ்தலத்துல் உலமாவின் இளைஞர் அணியினர். பாலியில் வெட்டியவர்களும் இந்துக்கள், வெட்டப்பட்டவர்களும் இந்துக்கள். அங்கே மட்டும் சுமார் 80,000 பேர் என்று கணிக்கிறார்கள். 1960 நிலச் சட்டப்படி நிலம் கேட்ட ஏழை விவசாயிகளும், சாதி மேலாதிக்கத்தை எதிர்த்தவர்களும் அவர்களில் உண்டு. ஆம், பாலியிலும் சாதி இருக்கிறது.

தப்பியவர்களையாவது விட்டார்களா? சிறையிலிருந்து வந்தவர்களின் அடையாள அட்டையில் ‘முன்னாள் அரசியல் கைதி’ என்று குறியிட்டார்கள். பிள்ளைக்கும் பேரனுக்கும் அரசு வேலை கிடையாது. அந்தக் கொள்கைக்கு வைத்த பெயர் ‘சுத்தமான சூழல்’. பிறப்பால் தீட்டு என்றால் என்னவென்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

நஹ்தலத்துல் உலமாவின் தலைவராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித், அதிபரான பிறகு 2000இல் மன்னிப்புக் கேட்டார். கம்யூனிசத் தடையை நீக்கவும் முயன்றார், விடவில்லை. 1966இல் போட்ட தடை இன்றும் இருக்கிறது. 2023இல் அதிபர் ஜோகோ விடோடோ வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

மர்சினா கொலை வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1995இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. கொன்றது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பட்டம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.