பார் பாராய் மேயும் மந்தை

செக் தலைநகர் பிராக்கின் நகரசபை, வழிகாட்டியோடு கூட்டமாய் பார் பாராய் ஏறி இறங்கும் 'பப் குரோல்'களை இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை தடைசெய்ய 2024 ஒக்டோபரில் முடிவெடுத்தது. உடனே சுதந்திரம் போச்சு எண்டு புலம்பல். என்ன சுதந்திரம்? சிநேகிதரோடு பத்து பாருக்கும் போங்கோ, ஒருத்தரும் மறிக்கேல்லை. தடை, காசு வாங்கி மந்தை மேய்க்கிற வியாபாரத்துக்கு.

ஆளுக்கு இவ்வளவு எண்டு கணக்குப் பார்த்தால் உலகத்திலேயே கூடப் பியர் குடிக்கிற நாடு அது. ஒழுக்கம் படிப்பிக்க நாங்கள் வரேல்லை. அங்கத்தைய 'ஹொஸ்போதா'வில் ஒரே மேசையில் இருந்து ஆறுதலாய்க் கதைப்பார்கள். ஒவ்வொரு பியருக்கும் பரிமாறுபவர் துண்டுக் கடதாசியில் பென்சிலால் கோடு இழுப்பார். எழுத்தாளர் ஹ்ரபால் 'தங்கப் புலி'யில் இருந்தது அப்படித்தான். 1994இல் ஜனாதிபதி ஹாவெல், கிளின்டனைக் கூட்டிக்கொண்டு போனதும் அங்கேதான்.

குரோலில் சேர்ந்தவருக்கு? ஒரு ஷொட், ஒரு கூச்சல், 'அடுத்த பார், வாங்கோ'. ஒரு பிராக்காரரோடும் கதைக்காமலே ஊர் திரும்பலாம். மேல்மாடியில் விடிய வேலைக்குப் போற சனம் நித்திரையில்லாமல் கிடக்குது. அவையின்ர நித்திரையும் உங்கட டிக்கெட்டுக்குள்ள அடக்கமோ?