மொய்க்கு ஈடு எது?

மனிதன் லாப நஷ்டம் பார்த்தே அசைகிறவன் என்று சாதிக்கும் பொருளாதாரப் பண்டிதர்களை, ஆடி மாதத்தில் கீரமங்கலத்துக்கும் பேராவூரணிக்கும் ஒருமுறை போய்வரச் சொல்லுகிறேன்.

அங்கே மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் வைக்கும் பணத்தை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இப்போது சில இடங்களில் கணிப்பொறியே ரசீது கொடுக்கிறது. பத்திரமில்லை, ஜாமீனில்லை, வட்டியில்லை. ஆனாலும் மொய் வைத்தவர் விருந்து நடத்தும்போது, வாங்கியவன் அதைத் திருப்பி வைத்தாக வேண்டும். மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்த்து வைப்பது மரியாதை. கோர்ட்டுக்குப் பயந்தா வைக்கிறான்? ஊருக்குப் பயந்து ஐயா, ஊருக்கு!

பரிசு என்றாலே அதைத் திருப்பித் தரும் கடமையும் கூடவே வருகிறது என்று மார்ஸெல் மோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925-லேயே எழுதினார். பொருளாதாரம் சமூக உறவுகளுக்குள் அடங்கிக் கிடந்ததே மனித வரலாற்றின் வழக்கம் என்று கார்ல் பொலானி 1944-ல் எழுதினார். மொய் நோட்டு எழுதுகிறவருக்கு இது புதுச் செய்தியா என்ன?

உடனே, 'ஆகா, நம் பண்பாடு!' என்று கை தட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கடனுக்கு மானமே ஈடு. நிலமுள்ளவனுக்கு அதைக் காப்பது சில்லறைச் செலவு. கூலிக்காரனோ அதற்காக மாட்டை விற்கவும் நேரும்.

யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பயம் என்று கேளாமல் ரூபாயை மட்டும் எண்ணுகிறவனை நான் கணக்கன் என்பேன். பொருளாதார அறிஞன் என்று சொல்ல மாட்டேன்.