கையெழுத்து வாங்குவது கருத்துக் கேட்பதாகாது

2019 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடப்பட்டது. பெயர்ப்பலகை நாட்டி, நாடா வெட்டி, படமும் பிடித்தார்கள். அதே ஆண்டு கார்த்திகை மழைக்கு, எனக்கு நினைவு தெரிந்த காலம் முதல் வெள்ளம் ஏறாத ஏழு வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. காரணத்தைக் கண்டறியப் பொறியியலாளர் எவரும் தேவைப்படவில்லை. வீதி பழைய மட்டத்தைவிட முக்கால் அடி உயர்ந்திருந்தது. தோட்டக் காணிகளிலிருந்து குளத்துக்குச் செல்லும் வெள்ளவாய்க்கால் வீதியைக் கடக்கும் இடத்திலிருந்த பழைய மதகு மூடப்பட்டிருந்தது. அந்த மதகு எதற்காக இருந்தது என்பது ஒழுங்கையில் வாழும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் எவரிடமும் எவரும் கேட்கவில்லை.

கேட்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வேலைக்குரிய கோவையின் பிரதியைக் கேட்டுப் பெற்றபோதுதான் என் எண்ணம் தவறு என்பது தெரிந்தது. "பயனாளிகளின் கருத்துப் பெறப்பட்டது" என்று அதிலே ஒரு வரி இருந்தது. அதற்குச் சான்றாக இருபத்து மூன்று கையெழுத்துகளுடன் ஒரு தாளும் இணைக்கப்பட்டிருந்தது. அதில் மூன்றாவது கையெழுத்து என் அயலவரான ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. தாளைக் கொண்டுசென்று அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஓம் தம்பி, இது என்ரை கையெழுத்துத்தான். டெங்குக் கூட்டம் எண்டு கூப்பிட்டவை. தேத்தண்ணியும் தந்தவை. றோட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை."

அந்தப் பிரதேச சபையின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "அது அந்தச் சபையின் தவறு" என்று ஏனைய சபைகள் நிம்மதியடைந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியாளனாக அலைந்து திரிந்தவன் என்ற வகையில் நான் கூறக்கூடியது இதுதான்: இந்தத் தாள் ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. மக்களின் கருத்தை அறிவது என்பது, கோவையிலே ஒரு வெற்றிடத்தை நிரப்பும் வேலை என்றே எங்கள் உள்ளூராட்சி மன்றங்கள் பலவும் விளங்கிவைத்திருக்கின்றன.

இதன் விலை என்ன என்பதை நாம் அண்மையிலே கண்டுகொண்டோம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அம்மாதம் 9 ஆம் திகதி நடைபெற்றிருக்க வேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்ட் 22 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈற்றில் 2025 மே 6 ஆம் திகதியே வாக்களிக்க முடிந்தது. ஆக, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்களால் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல், செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினர்.

அக்காலத்தில் என் ஊரில் எவராவது சபையைத் தேடினார்களா? குப்பை வண்டி வந்தது. சந்தைக் குத்தகை போனது. சோலைவரிப் பற்றுச்சீட்டுத் தந்தார்கள். "தேர்தல் எப்போது?" என்று கட்சிக்காரர் கேட்டனரேயன்றி, "எங்கள் சபை எங்கே?" என்று மக்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. வாக்குரிமை பறிக்கப்பட்டதைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதினோம். ஆனால் ஒரு மக்கள் மன்றம் இல்லாமற்போனதை மக்களே உணரவில்லை என்றால், அது இருந்த காலத்தில் மக்களுக்கு எவ்வளவு தொலைவில் இருந்திருக்க வேண்டும்?

இந்தத் தொலைவு ஒரே நாளில் ஏற்பட்டதன்று. 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கிய கிராமச் சங்கங்கள், பின்னர் கிராம சபைகளாக 1981 வரை இந்நாட்டில் இயங்கின. அவற்றில் சாதியும் பணமும் ஆட்சி செய்தன என்பதை நான் மறைக்கமாட்டேன். ஆயினும் கிராம சபைத் தலைவரின் வீட்டு விறாந்தை எங்கே இருக்கிறதென்று என் தந்தையாருக்குத் தெரியும். வாய்க்கால் அடைபட்டால் மாலையில் அங்கே போய் உரத்துப் பேசிவிட்டு வருவார். 1981 இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராம சபைகளும் அவற்றோடு பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் கொண்டுவரப்பட்டன. அவை தோல்வியுற்ற பின்னர், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச சபைகள் தோன்றின. 2018 இல் நாடு முழுவதற்குமான பிரதேச சபைகளின் எண்ணிக்கை 276 மட்டுமே. சபை பெரிதாயிற்று, விறாந்தை தொலைவிற் போய்விட்டது.

வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த புதிய தேர்தல் முறை இத்தொலைவைக் குறைக்கும் என்று சொன்னார்கள். 2018 இல் உறுப்பினர் தொகை ஏறத்தாழ நான்காயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரத்துக்கு மேலாக உயர்ந்தது. வட்டாரத்துக்கொரு உறுப்பினர் கிடைத்தார். நல்லது. ஆனால் நாற்காலிகள் கூடிய அளவுக்குக் காதுகள் கூடவில்லை என்பதற்கு எங்கள் ஒழுங்கை வெள்ளமே சாட்சி.

சட்டம் இடந்தரவில்லை என்று எவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. பிரதேச சபைச் சட்டத்தின்படி சபை அமைக்கும் குழுக்களில், உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுப் பாதீடு நிறைவேறுமுன் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. கோரிக்கைக்குப் பதினான்கு வேலை நாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஆனால் நடப்பதென்ன? பாதீடு பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் என்று பத்திரிகையின் மூலையில் ஒரு சிறு விளம்பரம் வரும். அலுவலக நேரத்தில், வேலைக்குப் போகாமல், அலுவலகத்துக்குச் சென்று, நூற்றுக்கணக்கான இலக்கங்கள் அடங்கிய புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். தன் ஒழுங்கைக்கு என்ன ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்கக்கூடியவர், கணக்காளராக இருக்கவேண்டும் அல்லது ஒப்பந்தக்காரராக இருக்கவேண்டும்.

சபையினரிடம் கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன.

முதலாவது, "கூட்டம் வைத்தால் சனம் வராது" என்பது. முன்பு சொன்னது எதற்கும் பதில் வராதபோது, மறுபடியும் சொல்ல எவர் வருவார்? திருவிழாக் கூட்டத்துக்கும் பாடசாலைப் பழைய மாணவர் கூட்டத்துக்கும் வருகின்ற அதே மக்கள்தாம் இவர்கள். சோம்பேறிகள் அல்லர்.

இரண்டாவது, "பணமில்லை" என்பது. பணம் குறைவாக இருக்கும்போதுதான் கேட்டுச் செலவழிக்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் மதகைத் திறந்துவைக்க ஒரு சதமும் தேவைப்பட்டிராது. இப்பொழுது கொங்கிறீற்றை உடைத்து மீண்டும் மதகு கட்டப் பணம் வேண்டும்.

மூன்றாவது, "எல்லாரையும் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது" என்பது. கேட்பது என்றால் சொன்னபடியெல்லாம் ஆடுவது என்று பொருளன்று. ஊரவர் கேட்பதைச் சபை மறுக்கலாம். ஆனால் இன்ன காரணத்தால் மறுக்கிறோம் என்று எழுத்திலே சொல்லவேண்டும். மறுமொழி இல்லாத இடத்தில் கருத்துக் கேட்டல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிறர் செய்யாததை நான் கேட்கவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 இல் பாதீட்டின் முன்னுரிமைகளை மக்கள் கூடித் தீர்மானிக்கும் முறை தொடங்கப்பட்டு, உலகின் பல நகரங்களுக்குப் பரவியது. பிற்காலத்தில் ஆட்சியாளர்கள் மாறி, மக்கள் எடுத்த முடிவுகளுக்கு மதிப்புக் குறைந்தபோது, பிறந்த இடத்திலேயே அது நலிந்தும் போயிற்று. அண்டையிலுள்ள கேரளத்தில் 1996 இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சி மன்றங்களுக்கென ஒதுக்கப்பட்டு, கிராம சபைகளில் மக்கள் தத்தம் தேவைகளை வரிசைப்படுத்தினர். இரண்டும் தரும் பாடம் ஒன்றே. சொன்னது நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மக்கள் வருவார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். இங்கிலாந்தில் உங்கள் அயலவர் வீட்டைப் பெருப்பிக்க விண்ணப்பித்தாற்கூட, உங்கள் கருத்தைக் கேட்டு அறிவித்தல் வருகிறது. ரொறன்ரோவில் 2009 முதல் 311 என்ற ஒரே இலக்கத்துக்கு அழைத்து மாநகரத்திடம் முறையிடலாம். அங்கே நீங்கள் இதையெல்லாம் உரிமையாக எடுத்துக்கொள்கிறீர்கள். ஆனால் ஊருக்குப் பணம் அனுப்பும்போது மட்டும் சபையையும் ஊரவரையும் தாண்டி, உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரின் பேச்சைக் கேட்டுத் தெருவிளக்கும் வளைவும் கட்டுகிறீர்கள். உங்கள் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பணம் தருமுன், "ஊர்க்கூட்டம் வைத்தீர்களா? அதன் அறிக்கையை அனுப்புங்கள்" என்று ஒரு நிபந்தனை விதியுங்கள். உங்கள் பணத்தைவிட அந்த நிபந்தனை ஊருக்கு அதிகம் பயன்படும்.

குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. 2020 டிசம்பரில் யாழ். மாநகர சபையின் பாதீடு தோற்கடிக்கப்பட்டு முதல்வர் பதவியிழந்தார். எவர் எந்தப் பக்கம் வாக்களித்தார், எவர் எவரைக் காட்டிக்கொடுத்தார் என்று நாங்கள் பத்தி பத்தியாக எழுதினோம். அந்தப் பாதீட்டில் எந்த வட்டாரத்து வடிகாலுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைத் தேடி எழுத எனக்குத் தோன்றவில்லை. சபையில் கதிரை தூக்கினால் முதற்பக்கம். குளம் தூர்ந்தால் உட்பக்கம். சபைகளுக்கு மக்களை மறக்கக் கற்றுக்கொடுத்தவர்களுள் பத்திரிகைக்காரர்களும் அடங்குவர்.

ஆகவே 2025 இல் தெரிவான சபைகளிடம் நான்கே நான்கு விடயங்களைக் கேட்கிறேன். இவற்றுக்குப் புதுச் சட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை.

ஒன்று: வீதி, வாய்க்கால், சந்தை எதுவாயினும் வேலை தொடங்குமுன், என்ன வேலை, எவ்வளவு செலவு, வீதி எவ்வளவு உயரும், தண்ணீர் எங்கே போகும் என்பதைத் தமிழில் எழுதி, வேலை நடக்கும் இடத்திலும் அருகிலுள்ள சனசமூக நிலையத்திலும் ஒட்டுங்கள். வந்த ஆட்சேபம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் மறுமொழி தாருங்கள்.

இரண்டு: பாதீட்டை வட்டாரத்துக்கு ஒரு பக்கமாகச் சுருக்கி, அது இன்னும் வரைவாக இருக்கும்போதே, மாலை நேரத்தில், வட்டாரத்திலேயே கூட்டம் வைத்துக் கேளுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரமா என்பதையும் பாருங்கள். வெள்ளம் புகுந்த வீட்டை முதலிற் கூட்டிக் கழுவுபவர்கள் அவர்களே.

மூன்று: மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியும், கூட்ட அறிக்கையைப் பின்னரும் வெளியிடுங்கள். குழுக்களில் ஊரவருக்கு இடம் தாருங்கள். கட்சிக்காரரை ஊரவர் என்று சொல்லி இருத்தவேண்டாம்.

நான்கு: முறைப்பாட்டுக் கடிதத்துக்கு ஓர் இலக்கமும் ஒரு திகதியும் கொடுங்கள். "பார்ப்பம்" என்பது பதிலன்று.

சனசமூக நிலையங்களைக் குறிப்பிட்டேன். உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு பெற்று, சந்திக்குச் சந்தி நிற்கும் வாசிகசாலைகள் எம்மிடம் உள்ளன. காலையில் பத்திரிகை பார்க்க ஊர் கூடும் இடம் அது. சபைக்குக் காது வேண்டுமென்றால் புதிதாக ஒன்றைப் பொருத்தவேண்டியதில்லை. ஏற்கெனவே இருப்பதை அடைக்காமல் விட்டாற் போதும்.

இனி, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். என் அயலவரான ஆசிரியர் இப்பொழுதெல்லாம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வரவுத் தாளைக் கையில் வாங்கி, தலைப்பும் திகதியும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் தானே எழுதுகிறார். அதன் பின்னரே கையெழுத்து வைக்கிறார். இளைஞர்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். தலைப்பில்லாத தாளில் நீங்களும் கையெழுத்து வைக்காதீர்கள். அந்தக் கையெழுத்தால் மூடப்படப்போவது எந்த மதகு என்பது கார்த்திகை வந்த பின்னரே தெரியும்.