டீச்சர் லீவு போட்டால் அங்கன்வாடி என்ன ஆகும்?

மேலூர் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடி என்று வைத்துக்கொள்வோம். டீச்சருக்குக் காய்ச்சல், லீவு. ஆயாம்மா மட்டும்தான் இருக்கிறார். உள்ளே 20 பிள்ளைகள், அடுப்பில் உலை. ஒரு பிள்ளை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினால் பிடிக்க ஆள் இல்லை. "ஒரு நாள்தானே, சமாளிச்சுக்கலாம்" என்பதுதான் அன்றைய மாற்று ஏற்பாடு.

ஏன் இந்த நிலை?

1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ், தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. முதன்மை மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். அவ்வளவுதான். ஒருவர் வராவிட்டால் பாதி பலம் போச்சு. பணியிடமே காலி என்றால், பக்கத்து மைய டீச்சருக்குக் 'கூடுதல் பொறுப்பு'. அதாவது ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்!

எத்தனை இடங்கள் காலி?

2025-ல் தமிழக அரசு 7,783 பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு வெளியிட்டது. இதில் பணியாளர் 3,886, குறு அங்கன்வாடிப் பணியாளர் 305, உதவியாளர் 3,592. கணக்குப் போட்டால் சராசரியாக ஏழு மையங்களுக்கு ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது.

வேலை சமைப்பது மட்டும்தானா?

இல்லை. முன்பருவக் கல்வி, எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, தடுப்பூசி நாளுக்குத் தாய்மார்களைக் கூப்பிடுவது, போஷன் டிராக்கர் செயலியில் பதிவு என்று பட்டியல் நீளும். பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகவும் அலைகிறார்கள். அந்த நாட்களில் டீச்சர் லீவிலும் இல்லை, மையத்திலும் இல்லை.

சம்பளம்?

புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100 ரூபாய். அதன் பிறகே சிறப்புக் காலமுறை ஊதியம். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்ன பிறகும், 'கௌரவ ஊழியர்' என்ற பார்வை மாறவில்லை.

வராதவர்கள் மீது நடவடிக்கை எடுத்தால் போதாதா?

வேண்டுமென்றே மட்டம் போடுபவரைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் மெமோ கொடுத்தால் அன்றைக்கு உலை இறக்க ஆள் வந்துவிடாது. நியாயமான லீவுக்கே மேலதிகாரியிடம் கெஞ்ச வேண்டும் என்றால், காய்ச்சலோடு வேலைக்கு வருவார்கள். அது பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, வட்டாரத்துக்குச் சில மாற்றுப் பணியாளர்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என எங்கே லீவோ அங்கே போக ஆட்கள் தயாராக இருக்க வேண்டும். இரண்டு, யார் எப்போது ஓய்வு பெறுவார் என்பது அரசுக்கு முன்பே தெரியும். அந்தத் தேதிக்கு முன்பே புது ஆள் தயாராக வேண்டும். மூன்று, மற்ற துறை வேலைக்கு டீச்சரை அனுப்பினால், அன்றைக்கு மையத்துக்கு மாற்று ஆள் கட்டாயம்.

இதற்குச் செலவாகும்தான். ஆனால், வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் அம்மா, அங்கன்வாடியை நம்பித்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார். டீச்சர் நிம்மதியாக ஒரு நாள் லீவு எடுக்க முடிந்தால்தான், அந்த அம்மாவும் நிம்மதியாக வேலைக்குப் போக முடியும்.