லேபில் டெல்நெட் எதற்கு?

எங்கள் நெட்வொர்க் லேபில் ஸ்விட்ச்சைத் தூரத்திலிருந்து இயக்க முதலில் சொல்லிக் கொடுப்பது டெல்நெட்தான். நாலு வரி, பாஸ்வேர்ட் 'சிஸ்கோ', மார்க் கையில். எஸ்எஸ்எச் என்றால் ஹோஸ்ட்நேம் வைக்கணும், டொமைன் பெயர் கொடுக்கணும், ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கணும். "எக்ஸாமுக்கு இது போதும்பா" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. கேளம்பாக்கத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சிறுசேரி சிப்காட். அங்கே வேலைக்குப் போகிறவன் இந்தப் பழக்கத்தோடுதான் போகிறான்.

டெல்நெட் எதையும் மறைக்காது. ஒருநாள் ஒரு போர்ட்டை மிரர் செய்து வயர்ஷார்க் ஓட்டினோம். பாஸ்வேர்ட் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படி பாஸ்வேர்ட் திருடு போன பிறகுதான் டாட்டு யிலோனன் எஸ்எஸ்எச் எழுதினார். முப்பது வருஷம் தாண்டியும் நாம் பழைய இடத்திலேயே நிற்கிறோம்!

"உள்ளே இருக்கிற ஸ்விட்ச்தானே, யார் வரப்போறா?" என்பார்கள். சிஸ்கோவில் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்று ஒரு வசதி உண்டு. புது ஸ்விட்ச்சை மாட்டினால் போதும், கான்ஃபிகை அதுவே இழுத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் எதுவும் கேட்காது. அதற்கான 4786 போர்ட் பல இடங்களில் இணையத்தைப் பார்த்துத் திறந்தே கிடந்தது. 2018 ஏப்ரலில் யாரோ அதன் வழியாகப் புகுந்து, ஈரானிலும் ரஷ்யாவிலும் ஸ்விட்ச்களின் கான்ஃபிகை அழித்து, அமெரிக்கக் கொடி வரைந்துவிட்டுப் போனார்கள். 'நோ விஸ்டாக்' என்று ஒரு வரி அடித்திருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும். சிஸ்கோ 2017-லேயே எச்சரித்திருந்தது. இதே வசதியில் இருந்த, 2018-ல் பேட்ச் வந்துவிட்ட ஓட்டை வழியாக இன்னமும் புகுகிறார்கள் என்று எஃப்பிஐ 2025 ஆகஸ்டில் மறுபடி சொன்னது.

அழிந்த அன்று கான்ஃபிகின் நகல் வேறு மெஷினில் இருந்தால் திரும்ப ஏற்றிவிடலாம். இல்லையென்றால் எந்த போர்ட் எந்த விலான் என்று ஞாபகத்திலிருந்துதான் எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் திருடன் வரவேண்டும் என்றும் இல்லை. சீனியர் அண்ணன் ஒருவர் டிரங்க் போர்ட்டில் விலான் 30-ஐச் சேர்க்கப் போய் 'அலவ்ட் விலான் 30' என்று அடித்துவிட்டார். நடுவில் 'ஆட்' விட்டுப்போச்சு. மற்ற விலான் எல்லாம் அவுட், அவர் உள்ளே வந்த வழியும் சேர்த்து. ராத்திரி பதினொரு மணிக்கு கன்சோல் கேபிளோடு அடுத்த கட்டடத்துக்கு ஓட்டம் :-) முதலில் 'ரீலோட் இன் 10' என்று அடித்திருந்தால், சேவ் செய்யாதவரை, பத்து நிமிஷத்தில் ஸ்விட்ச் தானாக ரீபூட் ஆகி பழைய கான்ஃபிகோடு எழுந்திருக்கும். வேலை நல்லபடியாக முடிந்தால் 'ரீலோட் கேன்சல்'. அவ்வளவுதான்.

இந்த 'ரீலோட் இன்' எங்கள் லேப் மேனுவலில் எங்குமே இல்லை. டெல்நெட்டுக்கு மட்டும் இரண்டு எக்ஸ்பெரிமென்ட். அதில் ஒன்றை எடுத்துவிட்டு, கான்ஃபிகை வேண்டுமென்றே அழித்து நகலிலிருந்து மீட்டெடுக்கச் சொல்லலாமே?