மேஜை மேல் ஒரு மேடு

வாட்டர்லூ போரை வீட்டு மேஜையில் மறுபடி நடத்த ஆசைப்படுகிறவர், பொம்மை வீரர்களுக்கு வண்ணம் அடிக்கும் முன் ஒரு சங்கடத்தைத் தீர்த்தாக வேண்டும். போர் நடந்த நிலம் பழைய உருவில் இல்லை. 1815 ஜூன் 18 அன்று வெல்லிங்டன் தன் காலாட்படையில் பெரும்பகுதியை ஒரு மேட்டின் பின்சரிவில் ஒளித்து நிறுத்தினார். நெப்போலியனின் பீரங்கிக்காரர்களுக்கு இலக்கே சரியாகத் தெரியவில்லை. பிற்பாடு நினைவுச் சின்னம் வைக்கிறோம் என்று அந்த மேட்டிலேயே மண்ணை வெட்டி, 40 மீட்டருக்கும் உயரமான குன்றைக் குவித்து, உச்சியில் ஒரு சிங்கத்தை நிறுத்தினார்கள். வேலை 1826இல் முடிந்தது. காப்பாற்ற வேண்டியதைத் தோண்டி நினைவுச் சின்னம்!

மேட்டை மேஜையில் மீட்பதும் சுலபமில்லை. நாலரை கிலோமீட்டர் களத்தை ஆறடிக்குள் சுருக்கினால், 20 மீட்டர் ஏற்றம் 8 மில்லிமீட்டராகிவிடும். பொம்மை வீரனின் உயரமே 15 மில்லிமீட்டர். அவன் எதன் பின்னால் ஒளிவது? எனவே அமைப்பாளர்கள் கூசாமல் பொய் சொல்கிறார்கள். தெர்மகோலை அடுக்கி மேட்டை இரண்டு மூன்று மடங்கு உயர்த்துகிறார்கள். சரிவு செங்குத்தாகிவிட்டால் பொம்மைகள் வழுக்கும் என்பதால் ஓரங்களை நீளமாகச் சீவுகிறார்கள். ஆளுயரம் நின்ற ரை பயிருக்கு, வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடியை வெட்டி ஒட்டினால் போதும். மேட்டைத் தட்டையாக விட்டால் பிரெஞ்சு பீரங்கிகள் மதியத்துக்குள் ஆட்டத்தை முடித்துவிடும்.

இந்தப் பாடுகளை முதலில் பட்டவர்களில் ஒருவர் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் லெப்டினன்ட். ஆட்டத்துக்காக அல்ல, காட்சிக்காக. 1830இல் களத்தின் நடுவே இருந்த லா ஹே சாந்த் பண்ணையில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, இரவு ஏழு மணி வாக்கில் யார் எங்கே நின்றார்கள் என்று விசாரித்தார். அரசு பாதியில் பணத்தை நிறுத்தியது. கடன் வாங்கி முடித்தார். சுமார் 400 சதுர அடி மாதிரி 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது.

வம்பு பிரஷ்யர்களால் வந்தது. களத்தின் தென்கிழக்கில், பிளான்ஸ்நுவா கிராமத்தில், அவர்கள் பெரும் எண்ணிக்கையில் நெருக்குவதை சைபோர்ன் காட்டியிருந்தார். வெற்றியில் பங்கு கேட்பதுபோல் இருந்த அந்தக் காட்சி வெல்லிங்டனுக்கு ரசிக்கவில்லை. கடைசியில் சுமார் 40,000 பிரஷ்யர்களைக் குறித்த பொம்மைகள் அகற்றப்பட்டன. கடன் தீராமலே 1849இல் சைபோர்ன் இறந்தார். மாதிரி இப்போது லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்தப் பொம்மைகள் இல்லாமல்.

வீட்டு மேஜையில் இதைச் செய்ய யாருடைய அதிருப்தியும் தேவையில்லை. பலகை கொஞ்சம் குட்டையாக இருந்தாலே பிளான்ஸ்நுவா விளிம்புக்கு வெளியே போய்விடும். விவரம் தெரிந்த அமைப்பாளர்கள் முதலில் அந்தக் கிராமத்துக்கு இடம் ஒதுக்குகிறார்கள். பிறகுதான் மேடு.